மாத்தளையின் கடன்

வீடிழந்த பெண்பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் கட்டிவிடுவது எளிது. அந்த இல்லத்தைத் தன்னுடையதென்று ஏற்றுக்கொள்ளும் ஊரை உண்டாக்குவதே அரிது. தானும் ஒருகாலத்தில் அபயம் தேடி நடந்து வந்த மாத்தளைத் தமிழ்ச் சமூகத்துக்கு இதில் உள்ள பொறுப்பு என்ன?

பாதை வந்து முடிந்த இடம்

2023-ஆம் ஆண்டு ஜூலை 28-ஆம் நாள் தலைமன்னாரில் புறப்பட்ட பாதயாத்திரை ஒன்று, மன்னார், மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாவுல என்று வெயிலையும் தூசியையும் பொருட்படுத்தாது நடந்து, ஆகஸ்ட் 12-ஆம் நாள் மாத்தளை நகரில் நிறைவெய்தியது. மலையகத் தமிழர் இலங்கை மண்ணில் கால்வைத்து இருநூறு ஆண்டுகள் நிறைந்ததை நினைவுகூர்ந்து நடந்த அந்த யாத்திரை, கண்டியிலோ நுவரெலியாவிலோ முடியாமல் மாத்தளையில் முடிந்ததற்குச் சரித்திரக் காரணம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோப்பித் தோட்டங்களுக்கென்று தென்னிந்தியாவின் வறண்ட கிராமங்களிலிருந்து திரட்டப்பட்ட ஏழை ஜனங்கள், படகேறி மன்னார்க் கரையில் இறங்கி, நீர்நிலை அரிதான காடுகளினூடே நாட்கணக்கில் நடந்தார்கள். காய்ச்சலும் பேதியும் பசியும் வழிநெடுகப் பலரைக் கொண்டுபோயின. எஞ்சியவர்கள் மலையடிவாரத்தின் குளிர்ந்த காற்றை முதன்முதலாக முகத்தில் உணர்ந்து, சுமையை இறக்கி இளைப்பாறிய இடம் மாத்தளை.

அப்படி இளைப்பாறியவர்கள் மரத்தடியில் ஒரு சிலையை வைத்து மாரியம்மனாக வணங்கத் தொடங்கியதிலிருந்து வளர்ந்ததே மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் தேவஸ்தானம் என்பது ஊரார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் வரலாறு. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் பொருளுதவியோடு 1874-ஆம் ஆண்டளவில் கோயிலாக உருப்பெற்று, இன்று 108 அடி உயர இராஜகோபுரத்தோடு நகரின் நடுவே நிமிர்ந்து நிற்கும் அந்த ஆலயத்தின் மாசி மகத் திருவிழாவில் ஐந்து தேர்கள் வீதியுலா வரும்போது, இறத்தோட்டை, எல்கடுவ, கம்மடுவ, கந்தேநுவர முதலிய மலைப்பகுதித் தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஜனங்கள் இறங்கி வந்து வடம் பிடிக்கிறார்கள். 1983-ஆம் ஆண்டில் தமிழருக்கெதிராக மூண்ட கலவரத்தில் இந்த ஆலயமும் தாக்குதலுக்குத் தப்பவில்லை. இன்று காணும் பொலிவு, அழிவுக்குப் பின் மக்கள் தம் உழைப்பில் மிச்சம் பிடித்த காசைக்கொண்டு மீட்டெடுத்த பொலிவு.

அநாதரவான பெண்பிள்ளைகளின் இல்லத்தைப் பற்றிப் பேசப் புகுந்த இடத்தில் இந்தப் பழைய பாதையையும் கோயிலையும் முதலில் சொல்வதன் நோக்கம் இதுவே: மாத்தளைத் தமிழ்ச் சமூகத்தின் பெரும்பகுதி இடம்பெயர்ந்து வந்து வேரூன்றியது, வேரூன்றிய பின்னும் மீண்டும் மீண்டும் பெயர்க்கப்பட்டது. வீடற்று வந்த ஒருவருக்கு முதல் தேவை கூரை என்பதையும், கூரையோடு தேவை முடிந்துவிடுவதில்லை என்பதையும் இந்தச் சமூகம் அனுபவத்தில் அறியும். ஆகையால், ஓர் இல்லம் எத்தனை பிள்ளைகளுக்குப் படுக்கை கொடுத்தது என்று கேட்பதைக் காட்டிலும், அந்தப் பிள்ளைகளுக்கு அதைச் சூழ்ந்த ஊர் என்ன கொடுத்தது என்று கேட்பதே சரியான அளவுகோல் என்பது என் துணிபு.

பெயர்ந்துகொண்டே இருந்த வாழ்க்கை

1869-ஆம் ஆண்டில் தலைகாட்டிய இலைநோய் சில ஆண்டுகளுக்குள் கோப்பியை அழித்தது. அதன் இடத்தைத் தேயிலையும் றப்பரும் கொக்கோவும் மிளகும் ஏலமும் பிடித்துக்கொண்டன. 1880-இல் கண்டியிலிருந்து மாத்தளைவரை புகையிரதப் பாதை வந்துசேர்ந்தது. பயிர் மாறியது, பிரயாணம் மாறியது. தோட்டத்துத் தொழிலாளியின் நிலை மாறவில்லை. ஆட்களைத் திரட்டிவந்த கங்காணியிடம் கடன்பட்டவர், அந்தக் கடன் தீர்ந்ததென்று ‘துண்டு’ கிடைத்தாலொழிய வேறு தோட்டத்துக்குப் பெயர முடியாத கொடுமை, 1921-ஆம் ஆண்டு சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை நீடித்தது. போக விரும்பியவர்கள் போக முடியாதிருந்த காலம் அது. அதன்பின் வந்ததோ, இருக்க விரும்பியவர்கள் இருக்க முடியாத காலம்.

சுதந்திரம் கிடைத்த 1948-ஆம் ஆண்டிலேயே நிறைவேறிய பிரஜாவுரிமைச் சட்டம், மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டு, மீதி 1,50,000 பேரின் தலைவிதியைப் பின்னொரு நாளைக்கு ஒத்திவைத்தது. இந்த எண்களுக்குள்ளே எத்தனையோ குடும்பங்கள் நடுவே அறுந்தன. மூத்த மகனுக்கு இந்தியக் கடவுச்சீட்டும் இளைய மகளுக்கு இலங்கைப் பிரஜாவுரிமையும் கிடைத்த வீடுகள் உண்டு. பாட்டியைத் தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயத்தில் விட்டுவிட்டு இராமேசுவரம் போகும் கப்பலுக்காகத் தலைமன்னார் ரயிலேறிய பேத்திகள் உண்டு. அப்படிப் போனவர்களில் ஒரு பகுதியார் நீலகிரியின் கோத்தகிரியிலும் கூடலூரிலும் மறுபடியும் தேயிலைக் கொழுந்தையே பறித்து ஜீவித்தார்கள். எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலைக்கு முடிவு தேடி 2003-ஆம் ஆண்டில்தான் ஒரு பூரணமான சட்டம் பிறந்தது.

இதற்கிடையே 1970-களின் பஞ்சம் வந்தது. 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தச் சட்டங்கள் தோட்டங்களை அரசின் வசமாக்கியபோது, கண்டி, மாத்தளை மாவட்டங்களின் மத்தியமலைத் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. அங்கே வேலையிழந்தவர்கள் பசியோடு நகரத் தெருக்களுக்கு வந்தார்கள். பசியோடு பயமும் சேர்ந்தது 1977 ஆகஸ்ட் மாதக் கலவரத்தில். அது திரும்பவும் வந்தது 1981-இல். 1983 ஜூலையில் மாத்தளை நகரின் தமிழ்க் கடைகளும் வீடுகளும் எரிந்தன. முன்னோர் வந்த அதே வடக்குப் பாதையில், ஆனால் எதிர்த்திசையில், ஜனங்கள் வவுனியாவையும் கிளிநொச்சியையும் நோக்கிப் போனார்கள். மாத்தளை சோமு தம் நாவல் ஒன்றுக்கு ‘எல்லை தாண்டா அகதிகள்’ என்று பெயரிட்டார். கடல் கடக்காமலே, சொந்த நாட்டுக்குள்ளேயே அகதியானவர்களின் அவலத்தை அவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிடும் தலைப்பு அது.

அந்நாட்களில் இவர்களை ஏற்றுக்கொள்ள முன்வந்த இயக்கம் காந்தீயம். கட்டடக் கலைஞர் சோ. அ. டேவிட் அவர்களும் மருத்துவர் சோ. இராஜசுந்தரம் அவர்களும் 1976-ஆம் ஆண்டளவில் தொடங்கிய அந்த இயக்கம், மலையகத்திலிருந்து வந்த குடும்பங்களை வன்னியிலும் கிழக்கிலும் குடியமர்த்தியது. கூடவே கிராமந்தோறும் பாலர் பாடசாலைகளை ஏற்படுத்தி, அவற்றை நடத்த இளம்பெண்களைப் பயிற்றியது. இந்த ஏற்பாட்டில் அடங்கியிருந்த ஞானத்தை நாம் கவனிக்கவேண்டும். அகதியாய் வந்த பெண்ணை ஒரு கட்டடத்துக்குள் வைத்துக் காப்பாற்றுவதோடு நில்லாமல், அவளையே ஆசிரியையாக்கி, தம் குழந்தைகளை அவளிடம் ஒப்படைக்கும் தாய்மார் சூழ்ந்த ஒரு கிராமத்தின் நடுவே அமர்த்தினார்கள். உபகாரம் பெற வந்தவள் சில மாதங்களில் உபகாரம் செய்பவளானாள். 1983-ஆம் ஆண்டு அதன் தலைவர்கள் இருவரும் கைதானார்கள். ஜூலை 27-ஆம் நாள் வெலிக்கடைச் சிறைப் படுகொலையில் இராஜசுந்தரம் உயிர் துறந்தார். இயக்கம் குலைந்தது; ஆனால், அது காட்டிய வழி குலையவேண்டிய அவசியம் இல்லை.

இன்று கதவைத் தட்டும் சிறுமி

கலவரமும் யுத்தமும் ஓய்ந்த பின்னும் பிள்ளைகளின் இடப்பெயர்வு ஓயவில்லை. இன்று இலங்கையின் சிறுவர் இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தந்தையோ, சிலருக்கு இருவருமோ, உயிரோடு இருக்கிறார்கள் என்பதை இத்துறையில் நடந்த ஆய்வுகள் திரும்பத் திரும்ப உறுதிசெய்திருக்கின்றன. அநாதைப் பிள்ளைகள் என்று நாம் வழக்கமாகச் சொல்லும் பெயர் அவர்களில் அநேகருக்குப் பொருந்தாது. பெற்றோரை மரணம் பிரித்தது சில வீடுகளில். வறுமை பிரித்தது பல வீடுகளில்.

தோட்டத்து லயத்தை உள்ளே சென்று பார்த்தவர்களுக்கு இது எப்படி நிகழ்கிறதென்று விளங்கும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவுள்ள ஒரு காம்பரா, அதற்கு முன்னே ஒரு குறுகிய திண்ணை, பின்னே புகை படிந்த அடுப்படி. கூரைத் தகரத்தில் ஒழுகும் இடங்களுக்கு நேர் கீழே வாளிகள். ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பத்தின் இருமல் கேட்கும். அந்த ஒரே அறைக்குள் பாட்டன், பாட்டி, மகன், மருமகள், வயது வந்த பெண்பிள்ளைகள் எல்லாரும் உறங்கியாக வேண்டும். 2024-ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. மாத்தளைப் பகுதியின் இளைத்துப்போன தோட்டங்களிலோ மாதம் முழுவதும் வேலை கிடைப்பதே நிச்சயமில்லை. இந்நிலையில் தாய் வளைகுடா நாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போகிறாள். தந்தை குடித்தால், அல்லது வேறொருத்தியோடு போய்விட்டால், பெண்பிள்ளை பாட்டியின் கையில். பாட்டியும் படுத்துவிட்டால், தூரத்து உறவினர் கையில். அங்கே அவளுக்கு நேரக்கூடிய அபாயங்களை விவரித்தெழுத மனம் ஒப்பவில்லை, வாசகர்கள் அறிவார்கள்.

பிள்ளை வீட்டைப் பிரிந்து போக வேறொரு வாசலும் உண்டு. கொழும்பில் வசதியான வீடொன்றில் பிள்ளையை வேலைக்கு அமர்த்தித் தருவதாகச் சொல்லித் தரகர் வருவார். 2021-ஆம் ஆண்டில் மலையகத் தோட்டமொன்றிலிருந்து அப்படிப் போன பதினாறு வயதுச் சிறுமி தீக்காயங்களோடு மரணமடைந்தபோது நாடு முழுவதும் பதைத்தது. வேலைக்கு அமர்த்துவதற்கான குறைந்தபட்ச வயதைப் பதினான்கிலிருந்து பதினாறாக உயர்த்திய சட்டம் அவ்வாண்டிலேயே நிறைவேறியிருந்தது. சட்டம் தடுப்பதற்கு முன்னே பசி தள்ளிவிடுகிறது என்பதையே அந்த மரணம் காட்டியது.

இயற்கையும் தன் பங்குக்கு வீடுகளைப் பறிக்கிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயமுள்ளவையாகக் குறித்திருக்கும் மாவட்டங்களுள் மாத்தளையும் ஒன்று. லயங்களோ, நூற்றாண்டுக்கு முன் துரைமார் தேயிலைக்கு உதவாதென்று ஒதுக்கிய சரிவுகளில்தான் பெரும்பாலும் நிற்கின்றன. 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயல் இலங்கையைத் தாக்கி நூற்றுக்கணக்கானோரைப் பலிகொண்டபோது, மத்திய மலைநாட்டின் மற்றைய மாவட்டங்களோடு மாத்தளையும் நிலைகுலைந்தது. புயலும் வெள்ளமும் வந்த ஒவ்வொரு தடவையும் தற்காலிக முகாம்கள் பாடசாலைகளில் திறக்கப்படுகின்றன, சில வாரங்களில் முகாம் கலைகிறது, பாடசாலை திறக்கிறது. திரும்பிப் போக வீடில்லாத குடும்பம், முதலில் பெண்பிள்ளையைத்தான் யாரிடமேனும் விட்டுவைக்கத் தேடுகிறது.

சட்டமும் கோப்பும்

இவ்வாறு நிர்க்கதியாகும் பிள்ளைகளின் சம்ரட்சணத்துக்கு இலங்கையில் சட்டங்கள் இல்லாமல் இல்லை. 1939-ஆம் ஆண்டின் சிறுவர், இளையோர் கட்டளைச் சட்டமும், 1941-ஆம் ஆண்டின் அநாதை இல்லங்கள் கட்டளைச் சட்டமும் ஆங்கிலேயர் காலத்தவை. 1956-இல் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களம் தோன்றியது. 1987-ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தின் பின் அந்தப் பொறுப்பில் பெரும்பகுதி மாகாணங்களுக்குச் சென்றது. 1991-இல் ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமை உடன்படிக்கையை இலங்கை ஏற்றது. 1998-இல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை சட்டத்தால் அமைந்தது. இல்லம் நடத்தும் தர்மஸ்தாபனம் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். நன்னடத்தை உத்தியோகத்தர் விசாரித்து அறிக்கை தர, நீதவானின் கட்டளையின் பேரிலேயே பிள்ளை இல்லத்தில் சேர்க்கப்பட வேண்டும். பிள்ளையின் நிலை காலந்தோறும் மீள்பரிசீலனைக்கு வரவேண்டும். இவை விதிகள்.

விதிகளுக்கும் பிள்ளைக்கும் நடுவே இருப்பது ஒரு கோப்பு. தோட்டத்துப் பிள்ளையின் கோப்பைத் திறந்து பார்ப்போருக்கு மலையகத்தின் சரித்திரமே அதற்குள் தெரியும். தமிழறியாத எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர். கிளினிக் அட்டையில் வேறோர் எழுத்தில் அதே பெயர். பாடசாலை இடாப்பில் மூன்றாவது உருவம். தந்தை பெயர் இருக்கவேண்டிய இடத்தில் கோடு; தாயின் அடையாள அட்டை அவளோடு வளைகுடாவில். பிறந்த திகதி, திருவிழாவையும் மழையையும் அடையாளம் வைத்துப் பாட்டி சொன்னது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்காமல் விட்டால், க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு முன் தேசிய அடையாள அட்டை எடுக்கும் நாளில் அந்தப் பெண் திகைத்து நிற்பாள். திருமணப் பதிவு, வங்கிக் கணக்கு, வேலை விண்ணப்பம் என்று ஆயுள் முழுவதும் அந்தத் திகைப்பு தொடரும். நாடற்றவரின் பேத்தி பத்திரமற்றவளாக வளர்கிறாள். நல்ல இல்லம் தன்னிடம் வந்த பிள்ளைக்கு முதலில் செய்யவேண்டிய கைங்கரியம், கிராம உத்தியோகத்தரிடமும் பதிவாளரிடமும் பிரதேச செயலகத்திலும் சலிப்பின்றி ஏறி இறங்கி அவளுடைய பெயரை ஒரே பெயராக்கித் தருவது. சோறு போடுவதைப் போலவே இதுவும் ஜீவாதாரமான காரியம்.

சிறுவர் உரிமை உடன்படிக்கையின் இருபதாம் உறுப்புரை மற்றொன்றையும் வற்புறுத்துகிறது: குடும்பத்தை இழந்த பிள்ளைக்கு மாற்றுப் பராமரிப்பு ஏற்படுத்தும்போது அதன் இனம், சமயம், பண்பாடு, மொழி ஆகியவற்றைக் கருத்திற்கொள்ள வேண்டும். மாத்தளை மாவட்டத்தில் தமிழர் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கினர். நீதிமன்றத்திலும் காவல் நிலையத்திலும் நடைமுறையில் சிங்களமே வழங்குகிறது. தமிழ் மட்டுமே அறிந்த ஏழு வயதுப் பெண்பிள்ளை, தனக்கு நேர்ந்த துன்பத்தை யாரிடம், எந்தச் சொல்லால் சொல்லும்? பேசத் தெரிந்தவர் ஒருவர் அருகில் இருப்பது அப்பிள்ளைக்கு நீதி கிடைப்பதன் முதற்படி. பின்னர் அவள் சிங்களமும் கற்கட்டும், ஆங்கிலமும் கற்கட்டும். மாத்தளையில் வாழப்போகும் பெண்ணுக்கு அவை செல்வம். ஆனால், தாயோடு மீண்டும் சேரும் நாளில் தாயின் பேச்சு விளங்காத மகளாக அவளைத் திருப்பிக் கொடுக்கக்கூடாது.

முன்னோடிகள் கற்பித்தது

பெண்பிள்ளைகளுக்கு அபயமளித்த தமிழ் இல்லங்களின் வரலாற்றில், இல்லம் ஏன் தேவைப்படுகிறது என்பதை மறக்கமுடியாதபடி உணர்த்தியது சென்னை அவ்வை இல்லத்தின் தொடக்கம். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிய மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் வாசலுக்கு, அம்முறையிலிருந்து தப்பிய பெண்பிள்ளைகள் 1930-ஆம் ஆண்டளவில் வந்து நின்றபோது, அவர்களுக்கு இடம் கேட்டு அவர் அணுகிய விடுதிகள் குலத்தைக் காரணம் காட்டி மறுத்தன. அம்மையார் அவர்களைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அதிலிருந்து அவ்வை இல்லம் பிறந்தது. ஊர் கதவடைத்ததனால் தோன்றிய இல்லம் அது. அதைச் சூழ்ந்து பின்னர் பாடசாலையும் பயிற்சி நிலையமும் எழுந்தபோது, கதவடைத்த ஊரின் பிள்ளைகளே அங்கு வந்து படித்தார்கள்.

இலங்கையில், 1929-ஆம் ஆண்டு மட்டக்களப்புக் கல்லடியில் சிவானந்த வித்தியாலயத்தைத் தோற்றுவித்த சுவாமி விபுலாநந்தர், பாடசாலையையும் மாணவர் இல்லத்தையும் ஒன்றோடொன்று இணைத்தே எண்ணினார். யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையிலோ, 1977 முதல் துர்க்காதேவி தேவஸ்தானத்தின் தலைவியாக விளங்கிய சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி அவர்கள், கோயிலின் வருவாய் கோயில் சுவர்களோடு நின்றுவிடலாகாது என்று துணிந்து, 1980-களின் தொடக்கத்தில் துர்க்காபுரம் மகளிர் இல்லத்தை நிறுவினார். யுத்தம் தெல்லிப்பழை அடங்கிய வலிகாமம் வடக்கை வெறுமையாக்கிய ஆண்டுகளிலும் அந்தப் பணி அற்றுப்போகாமல் நடந்தது. அம்மையார் 2008-இல் மறைந்த பின்னும் நடக்கிறது. அங்கே வளர்ந்த பிள்ளைகள் தேரோட்டத்தில் கூட்டத்தோடு கூட்டமாகவும், பஜனையில் முதல் வரிசையிலும், பூமாலை கட்டும் மண்டபத்தில் ஊர்ப் பெண்களின் பக்கத்திலும் இருந்தார்கள். தேவியின் சந்நிதியே அவர்களுக்குத் தாய்வீடாயிற்று. ஊரார் கண்ணில் அவர்கள் கோயிற் பிள்ளைகள். இரக்கத்தைவிட உயர்ந்த ஒரு ஸ்தானத்தை அந்தப் பெயர் அவர்களுக்கு அளித்தது.

இம்மூன்று உதாரணங்களிலும் பொதுவான அம்சம் ஒன்று உண்டு. இல்லத்தை நிறுவியவர்கள் அதைத் தனித்து நிற்கும் தீவாக விடவில்லை. பாடசாலையோடோ, கோயிலோடோ, தொழிலோடோ பிணைத்து, ஊரார் தினமும் வந்துபோகும் வழியில் அதை அமைத்தார்கள்.

இல்லத்துக்குள் ஒரு நாள்

விடிவதற்கு முன் எழுந்து, வரிசையில் நின்று குளித்து, ஒருவருக்கொருவர் தலைவாரிப் பின்னி, பிரார்த்தனை முடித்து, சோற்றுப் பொதியோடு பாடசாலைக்கு நடந்து, மாலையில் துணி துவைத்து, படித்து, ஒன்பது மணிக்கு விளக்கணைப்பதே இத்தகைய இல்லங்களின் நாள். இருபது முப்பது பிள்ளைகளுக்குப் பொறுப்பாக இரண்டு மூன்று பராமரிப்பாளர். அவர்களும் சொற்பச் சம்பளத்துக்கு இரவு பகல் பாராது உழைப்பவர்கள். அவர்களை நாம் கைகூப்பி வணங்கவேண்டும். ஆயினும், முப்பது பேருக்குச் சமைத்த சோற்றில் ஒரு பிள்ளைக்குப் பிடித்த கறி எது என்பதை நினைவில் வைப்பது கடினம். காய்ச்சலடிக்கும் இரவில் நெற்றியைத் தொட்டுக்கொண்டே இருக்கும் ஒரு கை எப்போதும் கிடைப்பதில்லை. குடும்பத்தைப் பலப்படுத்துவதே முதல் வழி, இல்லம் கடைசி வழி என்று 2009-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டல்கள் சொல்வதும் இதனாலேயே.

தானம் கொடுக்கும் நம் முறையையும் இங்கே ஆராயவேண்டும். பிறந்தநாள், திவசம், திருமணநாள் ஆகியவற்றில் இல்லத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு கொடுப்பது நம்மிடையே பரவியிருக்கும் நல்ல வழக்கம். அதன் பின்னேயுள்ள சிரத்தையை நான் மதிக்கிறேன். ஆனால் யாரோ ஒரு பிள்ளையின் பிறந்தநாள் கேக்கைச் சுற்றி நின்று பாட்டுப் பாடி, படமெடுக்க முகம் காட்டி, கொடுக்க வந்தவர்கள் வண்டியேறிப் போன பின் தட்டுக் கழுவும் பெண்பிள்ளை, தான் பிறர் புண்ணியத்துக்கு ஒரு கருவி என்று எண்ணத் தொடங்கினால் அந்தத் தானத்தின் பலன் குறைந்துபோகிறது. அதே செலவில் அவளுடைய பிறந்தநாளை அறிந்து வந்து கொண்டாடுங்கள். தீபாவளிக்கோ பொங்கலுக்கோ, நன்னடத்தை உத்தியோகத்தரின் அனுமதியோடு, உங்கள் வீட்டு அடுப்படிக்கு அழைத்துச் சென்று முறுக்குப் பிழிய விடுங்கள். பாடசாலைப் பெற்றோர் கூட்டத்தில் அவளுக்காக ஒரு நாற்காலியில் உட்காருங்கள். அன்னதானத்தைவிடக் கடினமான தானம் இது. அதனாலேயே அரிய தானம்.

பதினெட்டு வயது நிறைந்ததும் சட்டம் அவளை வளர்ந்தவள் என்கிறது. இல்லத்தின் பொறுப்பு முடிகிறது. சொந்த வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு அந்த வயதில் ஒன்றும் முடிவதில்லை. உயர்தரப் பரீட்சை எழுதுவாள், தோற்றால் மறுமுறை எழுதுவாள், வேலை தேடுவாள், அலுத்துத் திரும்பி வந்தால் அம்மா தேநீர் கொடுப்பாள். இல்லத்துப் பெண்ணுக்குத் திரும்பிவர வாசல் இல்லை. அவசரமாக ஒரு திருமணம், அல்லது ஆடைத்தொழிற்சாலை விடுதி, அல்லது தாய் போன அதே வளைகுடா என்று மூன்று வழிகளே பெரும்பாலும் அவள் முன் திறக்கின்றன. பத்தாண்டுகள் பாடுபட்டு வளர்த்ததெல்லாம் இந்த ஓராண்டில் வீணாகக்கூடும். நாற்றங்காலில் தளிர்த்த தேயிலைக் கன்றை மலையில் பெயர்த்து நட்டபின், வேர் பிடிக்கும்வரை நிழல்மரம் வேண்டியிருப்பதைத் தோட்டத்தார் எல்லாரும் அறிவார்கள். பதினெட்டு முதல் இருபத்திரண்டு வரையுள்ள ஆண்டுகளில் அந்தப் பெண்ணுக்கு வேண்டியதும் அத்தகைய நிழலே.

ஊர் என்ன செய்யலாம்?

மாத்தளைக்கு இதற்கான சாதனங்கள் குறைவில்லை. பாக்கியம் தேசியக் கல்லூரியும் இந்து தேசியக் கல்லூரியும் தமிழ்ப் பிள்ளைகளை மேல்வகுப்பு வரை கொண்டுசெல்லக்கூடியவை. இல்லத்துப் பிள்ளை வகுப்பில் வேறாகச் சுட்டப்படாமல், அவளுடைய முகவரி இடாப்பில் மட்டும் இருக்குமாறு ஆசிரியர்கள் பார்த்துக்கொண்டால், அவளுடைய பாதிப் பாரம் இறங்கிவிடும். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலுக்கும் சாதாரண தரத்துக்கும் மாலை வகுப்புக்குக் காசு கட்டமுடியாத அவளுக்கு, ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வாரத்தில் இரு மாலைகளை ஒதுக்கினால் போதும்.

கோயில்கள் துர்க்காபுரத்தின் முன்மாதிரியைப் பின்பற்றலாம். ஐந்து தேர்களை இழுக்க வலிமையுள்ள சமூகத்துக்கு, ஐந்து பெண்களைப் பல்கலைக்கழகத்துக்கோ தாதியர் கல்லூரிக்கோ தொழிற்பயிற்சிக்கோ அனுப்பும் வலிமை இல்லாமல் போகாது. திருவிழா உபயக்காரர் பட்டியலில் கல்வி உபயமும் ஒன்றாக ஏறட்டும். அந்த உபயம் பதினெட்டு வயதுக்கு அப்பால் நான்கு ஆண்டுகளுக்கு நீளட்டும். மாத்தளையின் கிறிஸ்தவ ஆலயங்களும் பள்ளிவாசல்களும் விகாரைகளும் தத்தம் மக்களுக்கு இடையே இதே பணியைப் பலகாலமாகச் செய்துவருகின்றன. 1983-இல் அயலவரான சிங்களக் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் எத்தனையோ தமிழ்ப் பெண்பிள்ளைகளைத் தம் வீடுகளில் மறைத்துக் காத்தார்கள். இப்பணியில் சமய பேதம் குறுக்கிட இடமில்லை.

தோட்டத்துக்குள்ளேயே ஒரு பழைய ஸ்தாபனம் உண்டு: பிள்ளைக் காம்பரா. தாய்மார் விடியற்காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்குப் போகும்போது கைக்குழந்தைகளை ஆயாவிடம் ஒப்படைத்துச் செல்லும் அந்த அறை, இப்போது சில இடங்களில் சிறுவர் அபிவிருத்தி நிலையமாகியிருக்கிறது. பாடசாலை விட்டு வரும் பெண்பிள்ளைகளுக்கும் அதை மாலை ஆறு மணிவரை திறந்துவைத்து, ஒரு தேநீரும் ஒரு வாசிப்பு மேசையும் ஒரு பொறுப்பான பெண்ணும் இருக்கச் செய்தால், வெளிநாடு போன தாயின் மகள் இல்லத்துக்குப் போகவேண்டிய நிலைமை பல வீடுகளில் ஏற்படவே ஏற்படாது. தொழிற்சங்கங்கள் சம்பளத்துக்குக் குரல் கொடுக்கும் அதே மூச்சில் இதற்கும் குரல் கொடுக்கவேண்டும். மண்சரிவு அபாயமுள்ள லயங்களிலிருந்து குடும்பங்களைப் பாதுகாப்பான நிலத்தில் காணியுறுதியோடு குடியமர்த்தவேண்டிய கடமை அரசினது. அந்தக் கடமை நிறைவேறும் வேகத்திலேயே இல்லங்களின் படுக்கைகள் காலியாகும்.

நல்ல இல்லம் பிள்ளைகளால் நிரம்பி வழிவதில் பெருமை கொள்ளாது. எத்தனை பிள்ளைகள் தம் குடும்பத்தோடு மீண்டும் சேர்ந்தார்கள், எத்தனை பேர் ஒரே பெயரோடும் முழுமையான பத்திரங்களோடும் வெளியேறினார்கள், எத்தனை பேர் இந்த ஊரிலேயே ஆசிரியையாய், தாதியாய், எழுத்தராய், வியாபாரியாய் வாழ்கிறார்கள் என்பதே அதன் வருடாந்த அறிக்கையில் முதற்பக்கத்தில் வரவேண்டிய கணக்கு. அந்தக் கணக்கை இல்லத்தின் நிர்வாகசபையிடம் மட்டும் கேட்பது நியாயமன்று. ஊரும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளவேண்டும். இருநூறு ஆண்டுகளுக்கு முன் மன்னார்ப் பாதையில் வந்த ஜனங்களை வரவேற்க மாத்தளையில் ஒருவரும் காத்திருக்கவில்லை. அவர்கள் தமக்குத் தாமே ஊரானார்கள், கோயிலெடுத்தார்கள், பள்ளிக்கூடம் கண்டார்கள். அவர்களுடைய சந்ததியார் இன்று வரவேற்கும் இடத்தில் இருக்கிறார்கள். வீடிழந்து வரும் ஒரு பெண்பிள்ளையை, அவள் வந்த நாள் முதல் சொந்தக்காலில் நிற்கும் நாள்வரை, தன் பிள்ளையாகக் கணக்கில் வைத்துக்கொள்வது மாத்தளை செலுத்தவேண்டிய கடன். அதைச் செலுத்தும் சக்தி இந்த ஊருக்கு உண்டு, செலுத்தத் தொடங்குவதற்கு இன்னொரு கலவரமோ புயலோ வரும்வரை காத்திருக்கவேண்டியதில்லை.